அமிர்தகலசத்தில் மரணம் இல்லை

கரிகாலன் காவிரிக்குக் குறுக்கே கல்லைப் போட்ட பிறகு டெல்டாவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்கள், தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையில் அமிர்தகலசம் பன்னோக்கு மருத்துவமனையைப் பார்க்காதவர்கள். கரிகாலன் தண்ணீரைத்தான் நிறுத்தினான். டாக்டர் அமிர்தலிங்கம் மரணத்தையே நிறுத்தினார்.

இது அலங்காரப் பேச்சு அல்ல. குறுவையும் சம்பாவும் விளைந்த வயலில் எழுந்து நிற்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் வரவேற்புக் கூடத்தில் ஒரு மின்பலகை உண்டு. ஐப்பசி மழைக்குத் தவளைகள் பழைய பாத்தியதையில் உள்ளே வந்து அதன் கீழேதான் உட்காரும். 'எங்கள் மருத்துவமனையில் இதுவரை நிகழ்ந்த மரணங்கள்' என்று எழுதி, பக்கத்தில் பச்சை விளக்கில் ஒரு பூஜ்யம். திறப்பு விழாவன்று ஏற்றிய பூஜ்யம். அணைந்ததும் இல்லை, வளர்ந்ததும் இல்லை.

இந்தச் சாதனையின் நுட்பம் எளிமையானது. நோயாளி கையை விட்டு நழுவுகிறார் என்று தெரிந்ததும் அவருடைய சொந்தக்காரர்களை ஓரமாக அழைத்துப்போய், "வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க. நாலு பேரு முகம் பாக்கட்டும்" என்று கனிவாகச் சொல்வார்கள். இதைவிட மரியாதையான பேச்சு டெல்டாவில் கிடையாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிர் போவதை இங்கே யாரும் விரும்புவதில்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு ஆம்புலன்சில் ஏற்றுவார்கள். கேட்டைத் தாண்டிய பிறகு நடப்பதெல்லாம் அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம். அதில் தலையிடும் நாகரிகமற்ற வழக்கம் அமிர்தகலசத்துக்கு இல்லை. கணினியில் இதற்கு 'இல்லம் திரும்பல்' என்று பெயர்.

மரணத்தை ஒழித்ததில் ஒரே ஒரு சங்கடம். யாருமே இறக்காத மருத்துவமனையின் கணினிக்கு, இறந்தவர் யார் என்று எப்படித் தெரியும்? அது எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியது. முழு உடல் பரிசோதனைக்கு அழைத்தது. ஒரு வருடம் 'ஆரோக்கியச் செம்மல்' விருதுக்கு ஆள் பொறுக்கும் பொறுப்பையும் அதனிடமே விட்டார்கள். வீட்டுக்குப் போன பிறகு ஓர் இருமல், ஒரு தலைவலி என்று எதற்காகவும் திரும்ப வராத நோயாளி யார் என்று அது ஆராய்ந்து, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு விவசாயியைத் தேர்ந்தெடுத்தது. விருது வாங்க அவர் மனைவி ஆனந்தவல்லி மேடை ஏறினார். கையில் மாலை போட்ட படம். படத்துக்குப் பொன்னாடையை எந்தப் பக்கமாகப் போர்த்துவது என்று மேடையில் கொஞ்ச நேரம் ஆலோசனை நடந்தது.

இந்த நிலைமையில்தான் டேவிட்சன் வந்து சேர்ந்தார்.

தரங்கம்பாடிக்காரர். பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் கணினியோடு குடித்தனம் நடத்திவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊர் திரும்பியவர். அப்பா உபதேசியார் தேவநேசன் அமிர்தகலசத்திலிருந்து முறைப்படி 'இல்லம் திரும்பி', தேவாலய மணி கேட்கும் தெருவில், சொந்தக் கட்டிலில் கண்ணை மூடினார். மூடும்வரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் உதட்டைப் பஞ்சால் தண்ணீர் தொட்டு நனைத்துக்கொண்டிருந்தார். சில வாரம் கழித்து வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது அமிர்தகலசத்திலிருந்து போன் வந்தது. ஐயா சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறாரா, தினமும் நடக்கிறாரா என்று ஒரு பெண் குரல் அக்கறையாக விசாரித்தது.

"நடக்குறாரும்மா. துணைக்குக் கர்த்தர் இருக்கார்" என்றார் அம்மா.

டேவிட்சன் சண்டை போடத்தான் அமிர்தகலசத்துக்குப் போனார். ஆனால் டாக்டர் அமிர்தலிங்கத்திடம் ஒரு ராஜதந்திரம் உண்டு. குறை சொல்ல வருகிறவரை அவர் வேலைக்கு வைத்துக்கொள்வார். லிஃப்டில் மாட்டிக்கொண்டு கத்தியவர்தான் இன்று பராமரிப்பு மேலாளர். அன்று சாயங்காலத்துக்குள் டேவிட்சன் தகவல் நுட்ப இயக்குநராகிக் கழுத்தில் அட்டையோடு வெளியே வந்தார். இனி எந்த அம்மாவுக்கும் அப்படி ஒரு போன் வரக் கூடாது என்று மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டார். சபதம் உண்மையானது. ஒரு நிறுவனத்துக்கு இதைவிட ஆபத்தான ஊழியர் அமைய முடியாது.

அவர் உருவாக்கிய மென்பொருளின் பெயர் 'ஆத்மா'. அதன் முதல் வடிவம் நேர்மையான முறையில் வேலை செய்தது. நோயாளிகள் எல்லோருக்கும் போன் போட்டு, "வணக்கம். நீங்கள் உயிருடன் இருந்தால் எண் ஒன்றை அழுத்தவும். காலமாகியிருந்தால் எண் இரண்டை அழுத்தவும்" என்று கேட்டது. காலமானவர்கள் ஒத்துழைக்கவில்லை. உயிருடன் இருந்தவர்கள், ஏதோ பேங்கிலிருந்து கடன் அட்டை விற்கிறார்கள் என்று நினைத்துத் துண்டித்தார்கள். பதில் வராத எண்களைக் காலமானவையாகக் கொள்ளலாம் என்று டேவிட்சன் முடிவு செய்த நாள், டெல்டா முழுக்கச் சம்பா நடவு. சேற்றில் நின்ற எவரும் போனை எடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் சில ஒன்றியங்களே காலியாகிவிட்டன. ஒரே ஒருவர் மட்டும் இரண்டை அழுத்தியிருந்தார். விசாரித்ததில், பயிர்க் காப்பீட்டுக்காக அலைந்து திரும்பிய விவசாயி. விளையாட்டுக்கு அழுத்தவில்லை என்று உறுதியாகச் சொன்னார்.

இரண்டாவது வடிவத்தில்தான் டேவிட்சனின் மேதைமை வெளிப்பட்டது. டெல்டாவில் ஒருவர் இறந்தால் அது முதலில் அரசாங்கத்துக்குத் தெரிவதில்லை, ஃபிளெக்ஸ் கடைக்காரருக்குத்தான் தெரியும். 'கண்ணீர் அஞ்சலி' அச்சடிக்கும் கடைகளோடு டேவிட்சன் ஒப்பந்தம் போட்டார். பள்ளிவாசல் ஜமாஅத்துகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் பங்குக் கோயில் குழுக்களிலும் 'ஆத்மா'வைச் சேர்த்துவிட்டார். அது அஞ்சலிப் படங்களை மருத்துவமனைக் கேமராவில் பதிந்த முகங்களோடு ஒப்பிட்டது; கற்றுக்கொண்டது. கொஞ்ச நாளில் ஃபிளெக்ஸுக்காகக் காத்திருப்பதையே விட்டுவிட்டது. தானாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்திருந்தது: யாருக்கு 'இல்லம் திரும்பல்' பொத்தான் அழுத்தப்படுகிறதோ, அவர் காலமானவர்.

அதன் பிறகு பொத்தான் அழுத்திய கையோடு திரையில் தீர்ப்பு வந்தது. ஆம்புலன்ஸ் அப்போதுதான் பின்பக்கக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். அரசுக் காப்பீட்டு அட்டைக்கும் தகவல் தானாகப் போய்ச் சேரும். இறந்தவரைச் சரியாக அடையாளம் காணும் மருத்துவமனைகள் உலகத்தில் வேறு இருக்கலாம். இறப்பதற்கு முன்பே அடையாளம் காணும் மருத்துவமனை இது ஒன்றுதான். எப்படி இத்தனை துல்லியம் என்று டேவிட்சன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. துல்லியம் வந்த பிறகு காரணம் தேடுவது சந்தேகப் பிராணிகளின் வேலை என்று அவர் சிங்கப்பூரில் படித்திருந்தார்.

இப்படி எல்லாம் செம்மையாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மீரா உசேன் பாய் வந்தார்.

அவர் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். சவூதியில், தம்மாமில், மளிகைக் கடை வைத்திருந்துவிட்டு நாகப்பட்டினம் பக்கம் சொந்த ஊரில் ஓய்வாக இருந்தவர். பழைய சர்க்கரை நோயாளி. சில மாதங்களுக்கு முன்பு பேச்சு மூச்சில்லாமல் அவரை அமிர்தகலசத்துக்குக் கொண்டுவந்தார்கள். தலையை ஸ்கேன் செய்தார்கள். வேறு கோணத்தில் இன்னொரு தடவை செய்தார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சின்ன இயந்திரம் மட்டும் அன்று பேட்டரிக்காகக் கொள்முதல் பிரிவின் ஒப்புதலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் நாலு பேர் முகம் பார்க்கட்டும் என்று அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் கடைசி நேரத்துக்கான யாசீன் ஓதத் தொடங்கினார்கள். தோஹாவில் மகன் இர்பான் டிக்கெட்டுக்கு ஓடினான். தம்பி மகன் சைபுல்லா, முந்திக்கொள்வதில் கெட்டிக்காரன், ஜமாஅத் குழுவில் படத்தோடு, பெரியத்தா இறந்துவிட்டார் என்று வஃபாத்துச் செய்தியே போட்டுவிட்டான். எல்லோரும் ஜம்ஜம் தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி ஹபீபுன்னிசாவுக்கு மட்டும் வேறொரு நினைப்பு. இனிப்பு, இனிப்பு என்று ஏங்கிய மனிதரைத் தன் கையாலேயே இத்தனை காலம் தடுத்துவைத்தோமே, போகிற நேரத்திலாவது இனித்துவிட்டுப் போகட்டும் என்று, நன்னாரி சர்பத்தைக் கெட்டியாகக் கலக்கி ஸ்பூனால் உதட்டுக்குள் விட்டார். கொஞ்ச நேரத்தில் இமை அசைந்தது. அரை கிளாஸ் உள்ளே போனதும் பாய் கண்ணைத் திறந்து, கூடியிருந்தவர்களைச் சுற்றிலும் பார்த்து, "யாரு மவுத்து?" என்று துக்கம் விசாரித்தார்.

சைபுல்லா அவசரமாகத் திருத்தம் போட்டான்: 'மன்னிக்கவும். பெரியத்தா சர்பத் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.' அந்தச் செய்தியிலும் அதே படம் இருந்ததால், 'ஆத்மா' அவர் காலமானதை இன்னொரு முறை உறுதி செய்துகொண்டது.

இப்போது அவருக்குக் காலில் பிரச்சினை. கட்டைவிரல் கருத்துவிட்டது. ரத்தக் குழாயில் அடைப்பு, சீக்கிரம் எடுத்தால் கால் தப்பும் என்று உள்ளூர் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஹபீபுன்னிசா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரவேற்பு மேசைக்கு வந்தார். கேமரா பாயின் முகத்தைப் பார்த்தது. திரையில் பச்சையில் எழுத்து வந்தது: 'மீரா உசேன். காலமானவர். உறுதி: நூறு சதவீதம்.'

மேசையிலிருந்த அமலி, காலமானவருக்கு டோக்கன் போட வழியில்லை என்று வருத்தத்தோடு சொல்லி, டேவிட்சனை வரவழைத்தாள்.

"நான்தான் தம்பி மீரா உசேன்" என்றார் பாய்.

"அதுல சந்தேகமே இல்லங்க பாய். மெஷினும் அதத்தான் சொல்லுது."

"அப்புறம் என்ன?"

"நீங்க யாருங்கறது சரி. எப்படி இருக்கீங்கங்கறதுலதான் கொஞ்சம் கருத்து வேறுபாடு."

"தம்மாம்ல இப்படித்தான். இக்காமான்னு தங்குற பர்மிட்டு முடிஞ்சிருச்சுன்னா ஆளே இல்லம்பான். அது அரபு நாடு, சரின்னு விட்டேன். இப்ப ஊருக்கே வந்துருச்சா?"

வேறு மருத்துவமனைக்குப் போகலாம்தான். ஆனால் எங்கே போனாலும் நீட்ட வேண்டியது அதே காப்பீட்டு அட்டை. அந்த அட்டையும் அவருக்கு முன்பாகவே காலமாகியிருந்தது. டேவிட்சன் உதவத்தான் விரும்பினார். புதிய நோயாளியாகப் பதிந்து பார்த்தார், கேமரா ஏமாறவில்லை. கடைசியில், அந்த அட்டையில் புதிதாக ஓர் உயிரைச் சேர்க்கப் பிரசவப் பிரிவு வழியாக மட்டும் இடம் இருப்பது தெரிந்தது. ஹபீபுன்னிசாவுக்குப் பிறந்த குழந்தையாகப் பாயைப் பதிந்துகொண்டால் என்ன என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பதிஞ்சுக்குங்க தம்பி" என்றார் ஹபீபுன்னிசா. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் அப்படித்தான் வச்சிருக்கேன்."

ஆனால் பிறந்த குழந்தைக்குக் காலில் அடைப்பு எடுக்க 'ஆத்மா' அனுமதிக்கவில்லை. சொட்டு மருந்து மட்டும் பரிந்துரைத்தது.

காலமானவரைத் திருப்பி எடுக்க ஒரு வழி இருக்கத்தான் செய்தது. டாக்டர் அமிர்தலிங்கம் கணினியில் தம் கட்டைவிரல் ரேகையை வைத்து, எதனால் தவறு நேர்ந்தது என்று காரணமும் சொல்ல வேண்டும். டேவிட்சன் அவர் அறைக்குப் போனார். டாக்டர் வெள்ளிக்கிழமை வரப்போகும் தரச்சான்றுக் குழுவுக்காக நாற்காலிகளின் நிறத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டார்.

"அவர உயிரோட காட்டினா, உயிரோட இருந்தவர ஏன் அனுப்பினீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"அன்னிக்கு அனுப்பினது தப்புன்னு…"

"நம்ம மெஷின் தப்புப் பண்ணுமா டேவிட்சன்?"

டேவிட்சனின் தன்மானம் தலைநிமிர்ந்தது. "பண்ணாது சார்."

"அப்ப அந்தாளுதான் தப்பு. வெள்ளிக்கிழமை விழா முடியட்டும், பாத்துக்கலாம்."

கீழே வந்து டேவிட்சன் விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். நிறுவனத்தின் துல்லியம் பற்றிய கேள்வி இது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாய் தயவுசெய்து காலமானவராகவே இருந்துவிட வேண்டும்.

"இருக்கேன்" என்றார் பாய். "ஜும்ஆ தொழுகைக்கு மட்டும் போய்ட்டு வரலாமா? இல்ல, எனக்கு மத்தவங்க தொழுதுட்டா போதுமா?"

ஹபீபுன்னிசா குனிந்து, கட்டைப் பிரித்து, விரலைக் காட்டினார். கருப்பு அடுத்த விரலுக்கும் தாண்டியிருந்தது. வாடை வந்தது. டேவிட்சன் பார்வையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். திரையில் நூறு சதவீதம் இருந்தது. ஆனாலும் வாடை போகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வரவேற்புக் கூடத்தில் பூஜ்யத்துக்குக் கீழே மேடை. சென்னையிலிருந்து வந்திருந்த குழுத் தலைவர் தியாகராசன், தலையை ஆட்டாமல் கேட்கும் பழக்கமுள்ள மனிதர். டாக்டர் அமிர்தலிங்கம் மரணமில்லாப் பெருவாழ்வு பற்றி உரையாற்றினார். பலகையில் சரியான தகவலைத் தவிர வேறெதுவும் வராது என்று மூன்று தடவை சொன்னார். பிறகு டேவிட்சனை அழைத்தார். டேவிட்சன் பெரிய திரையில் 'ஆத்மா'வைத் திறந்து, ஃபிளெக்ஸ் கடைகளில் ஆரம்பித்து, அது தானே கண்டுபிடித்த விதிவரை பெருமையோடு விளக்கினார்.

அந்த நேரத்தில் வாசல் கேமரா யாரையோ அடையாளம் கண்டது. திரையில் எழுத்து வந்தது: 'மீரா உசேன். காலமானவர். அமிர்தகலசம் உங்களை அன்புடன் வரவேற்கிறது.'

தொழுகை முடித்த தொப்பியோடு பாய் வந்துகொண்டிருந்தார்.

"காலமானவர் எப்படி நடந்து வர்றார்?" என்றார் தியாகராசன்.

"நடந்து வரல சார். சக்கர நாற்காலி" என்று டேவிட்சன் திருத்தினார். தகவலில் பிழை இருந்தால் அவருக்குப் பொறுக்காது.

தியாகராசன் மேடையை விட்டு இறங்கிவந்து பாயின் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிப் பிழைத்தீர்கள் என்று விசாரித்தார். பாய் சர்பத் கதையைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. டாக்டர் அமிர்தலிங்கமும் பெருந்தன்மையாகச் சிரித்தார். பாய் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"எனக்குச் சர்க்கரை எறங்கிப் போயிருந்துச்சு, அவ்வளவுதான் நோயின்னு எங்க ஊரு டாக்டர் அப்புறம் சொன்னார். இங்கேர்ந்து என்னைய மாதிரி எத்தனையோ பேரு போயிருக்காங்க. அவங்க வீட்டுல தண்ணி ஊத்தியிருப்பாங்க. எங்க வீட்டுல இவ சர்பத் ஊத்துனா. வேற வித்தியாசம் ஒண்ணும் இல்லீங்க."

டேவிட்சனின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. தரங்கம்பாடி வீடும் கட்டிலும் அம்மா கையிலிருந்த பஞ்சும் கண்ணுக்குள் வந்தன. உபதேசியாருக்கும் சர்க்கரைதான். அம்மா தொட்டு நனைத்தது தண்ணீர்தான். அன்று அந்தச் சின்ன இயந்திரத்தில் பேட்டரி இருந்ததா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகும் கேட்கவில்லை.

தியாகராசன் தொழில்நுட்பமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒருத்தர் இறந்துட்டார்னு உங்க மெஷின் சொல்ற நேரத்துல, அவர் எங்க இருப்பார்?"

"இங்கதான் சார் இருப்பாங்க" என்றார் டேவிட்சன். குரல் அவருக்கே தூரத்திலிருந்து கேட்டது. "ஆம்புலன்ஸ் கேட்டத் தாண்டியிருக்காது."

"அப்ப அந்தப் பலகை?"

"டேவிட்சன், அத ஆஃப் பண்ணுங்க" என்றார் டாக்டர் அமிர்தலிங்கம்.

"சரியான தகவல் வரணும்னு சொன்னீங்களே சார்" என்றார் டேவிட்சன். பணிவாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே 'ஆத்மா'வைச் சுவரிலிருந்த மின்பலகையோடு இணைத்தார்.

அன்று மாலையே பாய்க்கு அடைப்பு எடுக்கப்பட்டது. இரண்டு விரல் போயிற்று, கால் மிஞ்சியது. அக்கறையுள்ள வாசகர்களுக்காக இதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் அப்போது கூடத்திலிருந்த ஒருவருக்கும் அவருடைய கால் ஞாபகம் இல்லை. எல்லோரும் அண்ணாந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திறப்பு விழாவிலிருந்து அசையாத பூஜ்யம் ஒரு தடவை நடுங்கியது. ஒன்று ஆயிற்று. இரண்டு ஆயிற்று. பூஜ்யத்துக்கு மட்டும் என்று சிக்கனமாக ஒரே இலக்கம் வைத்துச் செய்த பலகை. ஒன்பதைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யம் வந்தது. டாக்டர் அமிர்தலிங்கம் மூச்சு விட்டார். அதற்குள் மறுபடி ஒன்று. மறுபடி ஒன்பது. மறுபடி பூஜ்யம், மறுபடி மூச்சு. அதில் எந்தச் சுற்றில் எந்த எண் உபதேசியார் தேவநேசன் என்று தெரியாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் டேவிட்சன் தலை குனிந்துகொண்டிருந்தார். எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கைதட்டத் தயாராக வந்திருந்தவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

பலகை ஒருவழியாக ஓய்ந்து நின்றது. மீரா உசேன் பாய் நாற்காலியிலிருந்து எட்டி, டேவிட்சனின் சட்டைக் கையை மெல்ல இழுத்தார்.

"அதுல ஒண்ணக் கழிச்சுக்குங்க தம்பி. நான் இருக்கேன்."